குறைப்புக்கு ஒரு கணக்கு வேண்டும்: மாநிலக் குப்பைத் திட்டம் குறித்து மூன்று துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நகராட்சி ஒன்றின் எல்லையை ஒட்டிய ஊராட்சியில் குடியிருப்பவன் நான். வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துத் தரும்படி அண்டை அயலாரிடம் எடுத்துச் சொல்வதிலும், எங்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுக்குத் துணை நிற்பதிலும் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். இம்மடலை ஒரே துறைக்கு எழுதாமல் மூன்று துறைகளுக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நகரத்துக் குப்பை ஒரு துறையிடமும், கிராமத்துக் குப்பை இன்னொரு துறையிடமும், பிளாஸ்டிக் தடையும் மாசுக் கட்டுப்பாடும் மூன்றாவது துறையிடமும் இருக்கின்றன. மாநிலம் முழுவதற்குமான குப்பையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மூவரையும் ஒருசேர அழைப்பதைத் தவிர எங்களைப் போன்றோருக்கு வேறு வழியில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தமிழ்நாட்டில் இதுவரை குப்பைக்காக வகுக்கப்பட்ட திட்டங்களில் பெரும்பாலானவை, உருவாகிவிட்ட குப்பையை எப்படி அள்ளுவது, எந்த வண்டியில் ஏற்றுவது, எங்கே கொட்டுவது, கொட்டியதை எப்படித் தோண்டி எடுப்பது என்பதைப் பற்றியவை. குப்பை உருவாவதையே குறைப்பது எப்படி, அப்படிக் குறைந்தால் அதை யார் அளப்பார்கள், குறைத்தவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் மாநிலத் திட்டம் ஒன்று எங்களுக்கு வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மாநில அரசிடம் இதைக் கேட்டிருந்தன. ஓராண்டுக்குள் மாநிலக் கொள்கையும் செயல்திட்டமும் வகுக்க வேண்டும், அதில் குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி ஆகியவற்றுக்கு அழுத்தம் தர வேண்டும், குப்பை சேகரித்துப் பிழைப்போரையும் கலந்து பேச வேண்டும் என்று அவை சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், வீட்டிலேயே ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. விதிகள் மாறும் இந்தத் தருணத்தில் மாநிலத்தின் அணுகுமுறையும் மாற வேண்டும் என்பதாலேயே இப்போது எழுதுகிறேன்.

முதலில், இப்போது நாம் எங்கே பெரும்பணம் செலவிடுகிறோம் என்று பார்ப்போம். சென்னையின் பெருங்குடியும் கொடுங்கையூரும், கோயம்புத்தூரின் வெள்ளலூரும், திருச்சியின் அரியமங்கலமும் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பிரிக்கப்படாத குப்பையை வாங்கிக்கொண்ட இடங்கள். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே எழுந்தது. அந்தச் சதுப்பு நிலம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பொருளில் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட 2022 ஏப்ரல் மாதத்திலேயே அந்தக் கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் எரிந்தது. இந்தத் தீ வெறும் கோடை வெப்பத்தால் மூள்வதன்று. உணவுக் கழிவும் இலைதழையும் காற்றுப் புகாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது, மேலே பிளாஸ்டிக்கும் துணியும் காய்ந்து கிடக்கின்றன. ஒரு பொறி போதும். தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஈரக் குப்பையைத் தனியே எடுத்திருந்தால் அந்த மீத்தேன் அங்கே உருவாகியே இருக்காது.

இந்தக் கிடங்குகளை இப்போது பயோமைனிங் முறையில் அகழ்ந்து வருகிறோம். கொடுங்கையூருக்கு மட்டும் அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பழைய குப்பையைக் கிளறி, உலர்த்தி, சுழல் சல்லடைகளில் சலித்து, மண் போன்ற துகளை ஒரு பக்கமும், கல்லையும் ஓட்டுச் சில்லையும் இன்னொரு பக்கமும், எரியக்கூடிய பிளாஸ்டிக்கையும் துணியையும் வேறொரு பக்கமும் பிரிக்கிறார்கள். எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. இந்தப் பணியை நான் வரவேற்கிறேன். நிலம் மீள்வதும், நிலத்தடி நீரில் கசிவு நிற்பதும், அக்கம்பக்கத்து மக்கள் மூச்சுவிடுவதும் பெரிய நன்மைகள். ஆனால் ஒரு மூலையில் பழைய மலையை அகழ்ந்துகொண்டே மறு மூலையில் புதிய குப்பையைப் பிரிக்காமல் கொட்டுவது, வாய்க்காலை அடைக்காமல் வயலில் நிற்கும் வெள்ளத்தை இறைப்பது போன்றது. அகழும் ஒப்பந்தத்துக்குக் கெடு தேதி இருப்பதைப் போல, பிரிக்காத குப்பை கிடங்குக்கு வருவது நிற்க வேண்டிய தேதி ஒன்று ஒவ்வோர் ஊருக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்படியொரு தேதி ஏன் இதுவரை இல்லை என்பதற்குப் பணம் பாயும் வழியைப் பார்த்தால் விடை கிடைக்கும். சென்னையில் 2000-ஆம் ஆண்டு குப்பை அள்ளும் பணி முதன்முதலில் தனியாருக்குத் தரப்பட்டபோது, டன்னுக்கு இவ்வளவு என்று எடைக்கே பணம் தரப்பட்டது. எடை மேடையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வருமானம் என்றால், குப்பை குறைவது அந்த நிறுவனத்துக்கு இழப்பு. பின்னர் 2020 ஒப்பந்தத்தில் செயல்திறன் அளவுகோல்கள் சேர்க்கப்பட்டன. அது நல்ல முன்னேற்றம். ஆயினும் மாநிலத்தின் பல ஊர்களில் இன்றும் வண்டிக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்ற கணக்கே நடக்கிறது. நூறு வீடுகள் தங்கள் கொல்லையிலேயே உரக்குழி போட்டுத் தினமும் பல கிலோ ஈரக் குப்பையை நிறுத்திவிட்டால், அந்தச் சேமிப்பு யார் கணக்கிலும் வரவாக ஏறுவதில்லை. அள்ளியது தெரிகிறது, அள்ள வேண்டியிராமல் போனது தெரிவதில்லை. தெரியாத ஒன்றுக்காக எந்த ஆணையரும் எந்தச் செயல் அலுவலரும் தம் நேரத்தைச் செலவிட மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1989-இல் ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு மாவட்டமும் கிடங்குக்குப் போகும் குப்பையில் 1995-க்குள் 25 விழுக்காட்டையும் 2000-க்குள் 50 விழுக்காட்டையும் திருப்பிவிட வேண்டும் என்று கட்டளையிட்டது. திட்டம் வகுக்காத ஊருக்கும், வகுத்ததைச் செய்யாத ஊருக்கும் நாள் கணக்கில் தண்டம் விதிக்க அதில் இடமிருந்தது. பிற்பாடு, திருப்பிவிட்டதை ஊகித்துக் கணக்கிடுவதை விட்டுவிட்டு, ஆள் ஒருவருக்குக் கிடங்குக்குப் போகும் எடை எவ்வளவு என்று நேராக அளக்கும் முறைக்கு வந்தார்கள். இந்த அளவீடு நமக்கும் உகந்தது. மக்கள்தொகை தெரியும், கிடங்கின் வாயிலில் எடை மேடை வைக்க முடியும், இரண்டையும் வகுத்தால் ஊருக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண் ஆண்டுதோறும் இறங்குகிறதா என்பதே மாநிலத் திட்டத்தின் முதல் கேள்வியாக இருக்கட்டும். மாநில அரசின் மானியத்தில் ஒரு பகுதி அந்த இறக்கத்தோடு கட்டப்படட்டும். கலிபோர்னியாவின் பணவசதியும் நிர்வாக வசதியும் நம் பேரூராட்சிகளுக்கு இல்லை என்பதை அறிவேன். அதனால்தான் சிக்கலான கணக்குகளைக் கேட்காமல், எளிய ஓர் எண்ணைக் கேட்கிறேன்.

அடுத்துச் சொல்லப்போவதைத் தங்கள் மூவரின் சிறப்புக் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். குப்பைக் குறைப்பு என்றதும் நாம் பொதுமக்களுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் இம்மாநிலத்தில் உறையும் பாட்டிலும் அதிகம் வெளியிடும் அமைப்புகளில் அரசின் அமைப்புகளே முன்வரிசையில் இருக்கின்றன. நாள்தோறும் வீடுவீடாகச் சேரும் ஆவின் பால் உறைகள், நியாய விலைக் கடையில் வழங்கப்படும் பாமாயில் உறைகள், டாஸ்மாக் கடைகள் வழியே வெளியேறும் கண்ணாடி பாட்டில்கள் ஆகிய இவை மூன்றும் அரசின் சொந்த விநியோகச் சங்கிலியில் செல்பவை. எந்தத் தனியார் நிறுவனத்திடமும் கெஞ்சாமல், எந்த மத்திய விதிக்கும் காத்திராமல், மாநில அரசு தன் கையாலேயே மாற்றிக்காட்டக்கூடிய இடம் இது.

மாற்றிக்காட்டியும் இருக்கிறது. நீலகிரியில் உடைந்த மது பாட்டில்களால் யானைகளுக்கும் பிற வனவிலங்குகளுக்கும் நேரும் தீங்கைச் சென்னை உயர் நீதிமன்றம் கையிலெடுத்த பிறகு, 2022 மே மாதத்தில் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பான்மை திரும்பி வந்தது. குடித்துவிட்டு வீசியவர் பத்து ரூபாயைத் திரும்ப வாங்காமல் விட்டிருந்தாலும், பாட்டிலைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்து யாரோ ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். சாலையோரமும் ஓடைக்கரையும் சுத்தமாயின. பிறகு படிப்படியாக வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இதற்கு விளம்பரப் பலகையோ, உறுதிமொழி ஏற்போ தேவைப்படவில்லை. பொருளுக்கு ஒரு விலை மிச்சமிருந்தால் அது குப்பையாவதில்லை என்ற உண்மை மட்டும் போதுமானதாக இருந்தது.

கடை ஊழியர்கள் இந்த முறையைப் பற்றி எழுப்பிய குறைகளையும் நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். காலி பாட்டில் அடுக்க இடமில்லை, எண்ணி வாங்கவும் ஒட்டுச்சீட்டைச் சரிபார்க்கவும் ஆளில்லை, உடைந்து கையைக் கிழிக்கும்போது யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை என்று அவர்கள் சொன்னது நியாயம். முறை சரி, அதைச் சுமப்பவருக்கு உரிய ஏற்பாடுதான் குறைவு. தனியாகச் சேகரிப்பு நிலையமும் அதற்கென ஊழியரும் வைத்து இதைத் திருத்திவிட்டால், அதே நிலையங்களில் தண்ணீர் பாட்டில்களையும் குளிர்பான பாட்டில்களையும் திரும்பப் பெற வழி பிறக்கும். ஆவின் உறைக்கும் சிறு தொகை ஒன்றை வைப்பாகச் சேர்த்து, அடுத்த நாள் காலை பால் வாங்க வரும்போதே காலி உறைகளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு செய்யலாம். பால் உறை ஒரே வகைப் பாலித்தீன், கழுவி உலர்த்திய நிலையில் கிடைத்தால் மறுசுழற்சியாளர்கள் விரும்பி வாங்கும் பொருள். கத்தரித்த மூலைத் துண்டு தெருவில் விழாமல் இருக்க, உறையை முழுவதும் வெட்டாமல் கீறித் திறக்கும்படி சொல்லித் தருவதும் அந்த முகவரின் வழியாகவே நடக்கும்.

2018 ஜூன் 25-ஆம் நாளிட்ட அரசாணையால் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் சில மாதங்களில் வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் காகிதப் பையும் எல்லாக் கடைகளிலும் தென்பட்டன. பாத்திரம் எடுத்துக்கொண்டு உணவகத்துக்கும் இறைச்சிக் கடைக்கும் போகும் பழக்கம் ஓரளவு திரும்பியது. 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் அந்தப் பழக்கத்துக்கு மரியாதை தேடித் தந்தது. ஆனால் கேரிபேக் திரும்பி வந்துவிட்டது. பூக்காரம்மாவின் கூடையிலும் தள்ளுவண்டியிலும் அபராதம் விதிக்கும் அதிகாரிகள், அந்தப் பை எந்த ஆலையிலிருந்து எந்த லாரியில் எந்த மொத்த வியாபாரியின் கிடங்குக்கு வந்தது என்று பின்னோக்கிப் போவது அரிது. தடைக்கு உயிர் தர வேண்டுமென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வணிகவரித் துறை, காவல்துறை மூன்றும் சேர்ந்து மொத்த விற்பனையை நோக்கிச் செல்ல வேண்டும். சில்லறை வியாபாரியைத் தண்டிப்பதால் பிளாஸ்டிக் குறைவதில்லை, அவருடைய அன்றைய வருமானம்தான் குறைகிறது.

ஈரக் குப்பைக்கு வருகிறேன். நம் நகரங்களின் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது. இந்தப் பாதி பயணம் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காய்கறித் தோலும் மீந்த சோறும் பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரை டீசல் எரித்து இருபது கிலோமீட்டர் சுமந்து சென்று அழுகவிடுவதற்கு நாம் பொதுப்பணத்தைச் செலவிடுகிறோம். வார்டுகளில் நுண் உர செயலாக்க மையங்கள் கட்டப்பட்டதன் நோக்கம் இதைத் தடுப்பதுதான். அவற்றில் சில சிறப்பாக நடக்கின்றன. பல பூட்டிக் கிடக்கின்றன அல்லது அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பில் தவிக்கின்றன. இதன் காரணத்தை அங்கே வேலை செய்யும் பெண்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். வரும் ஈரக் குப்பையில் பிளாஸ்டிக் உறையும் டயப்பரும் கண்ணாடித் துண்டும் கலந்திருக்கின்றன. பாதி நேரம் கையால் பொறுக்குவதிலேயே போகிறது. தொட்டியில் காய்ந்த இலையும் மரத்தூளும் போதிய அளவில் சேர்க்காததால் கசிவும் நாற்றமும் வருகின்றன. ஆகி வந்த உரத்தை வாங்க ஆள் இல்லாமல் மூட்டை மூட்டையாய்த் தேங்குகிறது.

கடைசியாகச் சொன்னது வேளாண்மைத் துறையின் கதவைத் தட்ட வேண்டிய செய்தி. நகரக் கழிவு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்த் தரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மையத்தின் உரத்தையும் குறித்த இடைவெளியில் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்து, தரம் தேறியதைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக விற்றால், உழவர்கள் வாங்கத் தயங்க மாட்டார்கள். கண்ணாடித் துண்டு கிடக்கும் உரத்தை வயலில் போடத் தயங்குவது அவர்கள் குற்றமன்று. வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர்கள் அவர்கள்.

வீடுகளுக்கு முன்னால் திருத்தப்பட வேண்டியவர்கள் பெருமளவில் கழிவை உண்டாக்குவோர். கோயம்பேடு போன்ற காய்கறி, பூ, பழச் சந்தைகள், உழவர் சந்தைகள், திருமண மண்டபங்கள், உணவகங்கள், கல்லூரி விடுதிகள், அன்னதானம் நடக்கும் கோயில்கள் ஆகிய இடங்களில் ஒரே வகை ஈரக் கழிவு ஒரே இடத்தில் மிகுதியாகக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர் அதைத் தாமே கையாள வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லியும், பல ஊர்களில் இவர்களின் பட்டியல்கூட முழுமையாக இல்லை. ஒரு முகூர்த்த நாளில் எங்கள் பகுதி மண்டபங்களிலிருந்து வரும் எச்சில் இலையும் சோறும் எங்கள் ஊராட்சி ஒரு வாரத்தில் உண்டாக்கும் ஈரக் கழிவுக்கு ஈடாக இருக்கக்கூடும். மண்டபத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே அதன் உரத்தொட்டியையோ சாண எரிவாயுக் கலன் போன்ற உணவுக்கழிவு எரிவாயுக் கலனையோ பார்த்துச் சான்று தரும் நடைமுறை வந்துவிட்டால், வீட்டுக்கு வீடு பிரசாரம் செய்து பெறுவதைவிடக் கூடுதலான பலன் ஒரே ஆண்டில் கிடைக்கும்.

வீடுகளில் தரம் பிரிப்பது ஏன் தங்கவில்லை என்பதையும் நேரில் கண்டவன் என்ற முறையில் சொல்ல வேண்டும். மக்கள் பிரிக்க மறுப்பதில்லை. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து அவர்கள் பிரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதன்பிறகு எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் பலனில்லை. எனவே நான்கு வகைப் பிரிப்பை வீடுகளிடம் கேட்பதற்கு முன்னால், வண்டியில் நான்கு அறைகளும், அவை சென்று சேர நான்கு தனித்தனி இடங்களும் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். இல்லாத ஊரில் இரண்டு வகையை ஒழுங்காகத் தொடங்குங்கள். சானிட்டரி நாப்கின்களையும் டயப்பர்களையும் தனியே சுற்றி வாங்குவதை மட்டும் எந்த ஊரிலும் தள்ளிப்போடாதீர்கள். அவற்றைக் கையுறையும் இல்லாமல் பிரித்தெடுப்பவர்கள் இன்றும் பெண்களே.

இனி, எங்களைப் போன்ற எல்லையோர ஊராட்சிகளின் நிலை. மாநிலத்தில் 25 மாநகராட்சிகள் இருக்கின்றன, 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. நகரத்தின் கிடங்கு நிறைந்ததும் அடுத்த இடம் தேடும் கண் ஊராட்சியின் புறம்போக்கிலும் கைவிடப்பட்ட கல்குவாரியிலும்தான் விழுகிறது. 2025-இல் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில், பாறைக்குழிகளில் மாநகராட்சிக் குப்பையைக் கொட்டுவதை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பாறைக்குழியில் தேங்கும் நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளோடு வெடிப்புகள் வழியே தொடர்புடையது என்பதை அங்குள்ள ஒவ்வொரு விவசாயியும் அறிவார். தங்கள் ஊரில் உருவாகாத குப்பைக்காகத் தங்கள் தண்ணீரைக் கொடுக்க அவர்கள் மறுத்தது வளர்ச்சிக்கு எதிரான செயலாகாது. 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி அது லாரிகளில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டது. மாநில எல்லையில் நாம் வலியுறுத்திய அந்த நியாயம், நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் இடையிலான எல்லையிலும் செல்லுபடியாக வேண்டும்.

இதற்கான அமைப்பு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 243இசட்டி பிரிவு, மாவட்டத் திட்டக் குழு ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒன்றாகத் தொகுக்க வேண்டும் என்றும், இரு தரப்புக்கும் பொதுவான விஷயங்களையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. குப்பையைவிடப் பொதுவான விஷயம் வேறென்ன இருக்கிறது? 38 மாவட்டங்களிலும் இக்குழுக்கள் குப்பைக்கென ஒரு மாவட்டத் திட்டம் வகுக்கட்டும். எந்த நகரத்தின் உலர் கழிவு, அதை வகை பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் எந்த வள மீட்பு மையத்துக்குச் செல்லும், அருகிலுள்ள ஊராட்சிகளின் பிளாஸ்டிக்கும் அங்கே சேருமா, செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு, கிடங்கை ஏற்கும் ஊருக்கு என்ன இழப்பீடு என்பன அதில் எழுத்தில் இருக்கட்டும். இப்போது எங்கள் தூய்மைக் காவலர்கள் உலர் கழிவைப் பிரித்துக் கொட்டகையில் அடுக்கி வைக்கிறார்கள். விலை போகும் பொருளைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துச் செல்கிறார். பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் பை போன்ற பல அடுக்கு உறைகளை எடுத்துச் செல்ல எவரும் வருவதில்லை. கொட்டகை நிறைந்ததும் அவை ஏதோ ஓர் இரவில் எரிகின்றன. போகியன்று பழைய டயரை எரிக்காதீர்கள் என்று ஊருக்கே சொல்கிறோம், ஆண்டு முழுவதும் ஊராட்சிகளின் ஓரங்களில் எழும் இந்தப் புகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தப் பல அடுக்கு உறைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் அவற்றைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்கள் என்று 2022 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகள் சொல்கின்றன. நிறுவனங்கள் மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கித் தம் கடமையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே நடத்திய தணிக்கையில் லட்சக்கணக்கான சான்றிதழ்கள் போலி என்று தெரியவந்தது. சான்றிதழ் எங்கோ விற்கப்படுகிறது, உறை எங்கள் கொட்டகையில் கிடக்கிறது, அதைப் பிரித்த பெண்ணுக்கு மாதம் சில ஆயிரம் ரூபாய் மட்டும் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் நிறுவனங்கள் தமிழ்நாட்டின் ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் சேரும் உறைகளைக் கிலோ கணக்கில் விலை கொடுத்து எடுக்கும்படி செய்ய மாநில அரசு பேச்சு நடத்த வேண்டும். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களைக் கொண்டு அமைந்த ஹரித கர்ம சேனை வீடுகளிலிருந்து மக்காத கழிவைச் சேகரிக்கிறது, அரசின் கிளீன் கேரளா நிறுவனம் அதைப் பெற்று மேலே அனுப்புகிறது. குறைகள் அங்கும் உண்டு. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பல நாட்கள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. என்றாலும் கடைக்கோடி ஊராட்சியின் உறையையும் எடுத்துச் செல்ல ஒரு சங்கிலி அங்கே உருவாகியிருக்கிறது. நம் மாநிலமும் தூய்மை இயக்கத்துக்கென ஒரு நிறுவனத்தை அமைத்திருக்கும் நிலையில், அதன் முதல் வேலை இதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுசுழற்சி என்று நாம் பெருமையோடு சொல்வதில் பெரும்பகுதியை நடத்துபவர்கள் அரசின் சம்பளப் பட்டியலில் இல்லை. சாக்குப் பையோடு விடியலில் கிளம்புவோர், தெருவில் குரல் கொடுத்துப் பழைய பொருள் வாங்குவோர், காயலான் கடைக்காரர்கள், அவர்களிடமிருந்து வகை பிரித்து வாங்கும் மொத்த வியாபாரிகள் என நீளும் வரிசை அது. அட்டைப் பெட்டியும் இரும்பும் செம்பும் இவர்களால்தான் கிடங்குக்குப் போகாமல் திரும்பி வருகின்றன. புதிய வள மீட்பு மையத்தைப் பெரிய ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கும்போது, இவர்கள் கையிலிருந்த பொருள் பறிபோகிறது. அடையாள அட்டையும், பிரித்தெடுக்கக் கூரையுள்ள இடமும், உலர் கழிவின் மீது முதல் உரிமையும் இவர்களின் கூட்டுறவு அமைப்புகளுக்குத் தரப்பட வேண்டும். தூய்மைப் பணியாளர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு அவர்கள் நாள்கணக்கில் அமர்ந்து கேட்டது, மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்துத் தங்கள் வேலையையும் ஊதியத்தையும் பறிக்காதீர்கள் என்பதுதான். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். தரம் பிரித்தலின் வெற்றி ஒரே தெருவுக்கு ஒரே ஆள் தொடர்ந்து வருவதில் இருக்கிறது. எந்த வீட்டில் பிரிக்கிறார்கள், எங்கே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆண்டுக்கொருமுறை ஆள் மாறும் ஒப்பந்தத்தில் அந்த அறிவு அழிந்துபோகிறது.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளைப் பற்றி ஒரு சொல். கொடுங்கையூரில் அப்படியோர் ஆலை வருவதை எதிர்த்து வடசென்னை மக்கள் 2025-இல் கைகோத்து நின்றார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் சூழ்ந்த பகுதியில் வாழ்வோரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கும் அப்பால் எனக்கொரு கவலை உண்டு. இத்தகைய ஆலைக்கு நாள்தோறும் குறிப்பிட்ட அளவு குப்பையைத் தருவதாகப் பல்லாண்டுகளுக்கு உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். அந்த உறுதியில் கையெழுத்திட்ட மாநகராட்சியால், குப்பையைக் குறையுங்கள் என்று தன் மக்களிடம் மனமொப்பிச் சொல்ல முடியாது. ஈரம் மிகுந்த நம் குப்பை எளிதில் எரியாது, எரியக்கூடியதில் நல்ல பகுதி காகிதமும் பிளாஸ்டிக்குமாக மறுசுழற்சிக்குப் போக வேண்டியது. மேலே கேட்ட குறைப்புத் திட்டத்தை நடத்திப் பார்த்து, அதற்குப் பிறகும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்த பின்னரே இந்த முடிவை எடுக்கும்படி வேண்டுகிறேன்.

மூன்று துறைகளும் சேர்ந்து ஒரு வரைவை வெளியிடுங்கள். அதைத் தமிழில் வெளியிடுங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஆளுக்கு எவ்வளவு குப்பை இப்போது கிடங்குக்குப் போகிறது, ஐந்தாண்டில் அது எவ்வளவாகக் குறைய வேண்டும் என்ற இரண்டு எண்கள் அதில் இருக்க வேண்டும். ஆவின், டாஸ்மாக், நியாய விலைக் கடை ஆகியவற்றின் உறைகளுக்கும் பாட்டில்களுக்கும் தனி அத்தியாயம் வேண்டும். வரைவை அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களிலும், நகரங்களின் பகுதி சபைகளிலும் முன்வைத்து, அங்கே சொல்லப்படும் கருத்துகளைத் தீர்மானமாகப் பதிவு செய்து, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கூட்டத்துக்குள் அவற்றுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். எங்கள் ஊராட்சியின் கொட்டகையில் தற்போது கிடக்கும் பல அடுக்கு உறைகளை எடை போட்டு, வகைவாரியாகப் பிரித்து, எந்தெந்தப் பொருளுடையவை என்ற பட்டியலோடு அந்தக் கூட்டத்தில் ஒப்படைக்க எங்கள் தூய்மைக் காவலர்களும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம். அதைப் பெற்றுக்கொள்ள ஓர் அலுவலரை அனுப்பிவையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
நகர எல்லையோர ஊராட்சி ஒன்றின் கிராம சபை உறுப்பினர்